தூங்குகிறவரை எழுப்புவது

நெய்வேலியில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு, எங்கேயும் எழுதி ஒட்டாத ஒரு சட்டம் தெரியும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படுத்தவரை எழுப்பக் கூடாது. கேஸ் சிலிண்டர் வந்தாலும் சரி, ஊரிலிருந்து மாமனாரே வந்தாலும் சரி, வந்தவர்களைப் பின்பக்கமாக அழைத்துப்போய் அடுப்படியில் உட்கார வைத்துக் குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பகலில் தூங்குகிற ஒருத்தர் இருப்பார்.

எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்துக்கு நான்தான் போலீஸ். ஜன்னல் கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டியிருந்தேன். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு நைட் வருகிற வாரம் முழுக்கக் குக்கருக்கு லீவு, சோறு வடித்துத்தான் சாப்பாடு. என் மகள் டி.வி.யைச் சத்தமே இல்லாமல் பார்ப்பாள். பொம்மைப் படத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று அவளே ஒரு கதை கட்டிச் சொல்வாள், அதுவும் காதோடு. "என் பொண்ணு மாதிரி சமத்து எந்த பிளாக்லயும் இல்ல" என்று நானே பெருமை அடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

சட்டம் வெட்டிக்கு வந்ததில்லை. என் வீட்டுக்காரர் மைன்ஸில் கன்வேயர் பக்கம் வேலை பார்த்தார். நிலக்கரியை அள்ளிக்கொண்டு நிற்காமல் ஓடுகிற பெல்ட். கல்யாணமான புதிதில் ஒருநாள் பகலில் நான் எவர்சில்வர் அண்டாவைக் கீழே போட்டு, அவர் தூக்கம் கெட்டுப்போனது. அன்றைக்கு ராத்திரி டூட்டியில் கண் செருகி, கால் போகக்கூடாத பக்கம் போய், கூட இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். மறுநாள் காலையில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அதிலிருந்து அவர் தூங்குகிற அறைக் கதவு எனக்குக் கோயில் கதவு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு முந்திரிப் பருப்பு ஆகாது. பிறந்த வீடு பண்ருட்டிப் பக்கம் இருக்கிற ஒருத்தியின் பெண்ணுக்கு முந்திரி ஆகாது என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். நான் படித்த படிப்பு, போட்ட கம்மல், கட்டிய கூறைப்புடவை எல்லாம் முந்திரித் தோப்பிலிருந்து வந்தவை. எங்கள் ஊரில் பொங்கலானாலும் பாயசமானாலும் கையால் அளந்து பருப்புப் போடுகிற பழக்கம் கிடையாது, அள்ளித்தான் போடுவார்கள்.

அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது என் அண்ணன் வீட்டில் வைத்துத்தான் முதலில் வந்தது. அண்ணி ஆசையாக இரண்டு பருப்பைக் குழந்தை வாயில் போட்டாள். சற்று நேரத்தில் கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "காணாக்கடிடி இது. என்னமோ கடிச்சிருக்குது" என்றார்கள். ஒருத்தி வெற்றிலையில் மிளகு வைத்துக் கொண்டுவந்தாள், ஒருத்தி கம்பளியை எடுத்து உடம்பெல்லாம் தேய்த்தாள். நானும் குழந்தையின் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை குபுக்கென்று வாந்தி எடுத்தது. மூச்சு கீச்சுகீச்சென்று இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அண்ணனுக்குப் பயம் வந்து வண்டியை எடுத்தான். போன இடத்தில் ஊசி போட்டு மீட்டார்கள்.

காணாக்கடி என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. கடித்தது எது என்று யாருக்கும் தெரியாது, அதனால் யார்மேலும் தப்பு இல்லை. கொடுத்த அண்ணிமேலும் இல்லை, கொடுக்க விட்ட என்மேலும் இல்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல் இத்தனை காலம் ஓடியதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர்தான் இது பூச்சியும் இல்லை புழுவும் இல்லை, முந்திரி என்று சொன்னார். வெளிநாட்டில் பேனா மாதிரி ஒன்று இருக்கிறதாம், தொடையில் வைத்து அழுத்தினால் போதுமாம். இங்கே அது அப்போது கிடைக்கவில்லை. அதனால் கண்ணாடிக் குப்பியில் வருகிற அட்ரினலின் மருந்து இரண்டும், மெல்லிய சிரிஞ்சு இரண்டும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். சிரிஞ்சில் எதுவரை மருந்தை இழுக்க வேண்டும் என்று மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தார்.

எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். "வெறும் தடிப்பு மட்டும்னா மாத்திரை குடுத்துட்டுப் பாருங்க. தடிப்போட வாந்தி, இல்ல இருமல், இல்ல குரல் மாறுது, மூச்சு இழுக்குது, இப்படி ரெண்டு சேந்துச்சுன்னா உடனே ஊசி. சந்தேகமா இருந்தாலும் ஊசி. தேவையில்லாம போட்டா கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான். தேவைப்படறப்ப போடாம விட்டாதான் போச்சு." என்ன போச்சு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சாத்துக்குடியில் குத்திப் பழகினோம். என் வீட்டுக்காரருக்கு உடனே கை வந்துவிட்டது. எனக்குக் குப்பியின் கழுத்தை ஒடிக்கிறதே வரவில்லை. கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். "சரி விடு, நீ காலப் புடிச்சுக்க, நான் போட்டுக்கிறன்" என்றார். பெரிய பாரம் இறங்கின மாதிரி நானும் தலையை ஆட்டினேன். மாதத்தில் பாதி நாள் வேலையிலும் மீதி நாள் தூக்கத்திலும் இருக்கிற மனிதரை ஊசி போடுகிற ஆளாக வைத்தோமே, இதைவிடக் கூறுகெட்டத்தனம் உண்டா?

முதல் தடவை ஊசி போட்டது வீண் போனது, அல்லது வீண் போனதாக நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்குக் கழுத்தில் சிவப்பாக இருந்தது, வாந்தியும் எடுத்தாள். இரண்டு சேர்ந்துவிட்டது. செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் யூனிஃபார்மோடு ஊசியைப் போட்டார். குழந்தை நடுங்கியது. "அம்மா, நெஞ்சு குதிக்குதும்மா" என்று என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதது. வெளியே ஒரு கிளினிக்கில் காட்டினோம். அங்கே இருந்த சின்ன வயது டாக்டர், வெயிலில் ஆடி வேர்க்குரு வந்திருக்கிறது, கண்டதையும் தின்று வாந்தி எடுத்திருக்கிறாள், இதற்குப் போய் அட்ரினலினா என்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு டூட்டி போயிற்று. மறுநாள் அவருடைய மேலாள், "என்னப்பா, வூட்லயே ஆஸ்பத்திரி தொறந்துட்டியாமே" என்று கேட்டாராம். பிளாக்கில் எனக்கு ஊசிக்காரம்மா என்று பேர் வந்தது. தண்ணீர் வராத நாளில் பொதுக்குழாய்க்குப் போனால், "ஒம் பொண்ணு தும்மினா கூட ஊசியாமே" என்பார்கள். கேலிதான். வாயால் சிரித்துவிட்டு வயிற்றெரிச்சலோடு வருவேன். பாண்டிச்சேரி டாக்டரிடம் போன் பண்ணிச் சொன்னபோது, "கரெக்டா செஞ்சிருக்கீங்க, அடுத்த தடவையும் இப்படியே செய்யுங்க" என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது. குழாயடியில் சொன்னதுதான் மனசில் நின்றது.

அப்புறம் ஒரு மார்கழியில் தானே புயல் வந்தது. கடலூர்ப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தப் புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் ஒரே ராத்திரியில் வேரோடு படுத்துவிட்டன. அண்ணன் போனில் அழுதான். அவன் அழுது நான் கேட்டதே இல்லை. "எல்லாம் போச்சும்மா, ஒண்ணு நிக்கல" என்றான். நானும் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஒரு மூலையில், சனியன் ஒழிந்தது, இனிமேல் அந்த வீட்டுக்குப் பெண்ணைப் பயமில்லாமல் கூட்டிப்போகலாம் என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கூடப்பிறந்தவன் வயிற்றில் அடித்துக்கொண்டு அழும்போது அப்படி ஒரு நினைப்பு. நான் என்ன ஜென்மம் என்று அன்றைக்கு எனக்கே அருவருப்பாக இருந்தது.

பொங்கல் கழித்து அண்ணனைப் பார்க்கப் போனேன். கிளம்பும்போது அவன் ஒரு துணிப்பையை நீட்டினான். போன வருஷத்துப் பருப்பு, அந்த மரங்களின் கடைசிப் பருப்பு. "பாப்பாவுக்குத் தரக் கூடாதுன்னு தெரியும். நீயும் மாப்பிள்ளையும் சாப்பிடுங்க" என்றான். வேறு எப்போதாவது என்றால், என் வீட்டுக்குள் முந்திரி வரக் கூடாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. அவன் மரம் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்டவள் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? வாங்கிக்கொண்டு வந்து பரண்மேல் வைத்தேன்.

மே மாசம் எங்கள் மாதா கோயில் திருவிழா. எங்கள் பகுதிக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மதியச் சாப்பாடு போடுவது வழக்கம். குருமா என் பொறுப்பு. பரணில் இருந்த பை நினைவுக்கு வந்தது. ஒரு கை பருப்பை ஊற வைத்து, மிக்ஸியில் வெண்ணெயாக அரைத்துக் குருமாவில் விட்டேன். மகளுக்குத் தனியாகச் சமைத்துத் தனிச் சட்டியில் எடுத்துப் போனேன். மிக்ஸி ஜாரைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். மூடிக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதே, அதைக் கழற்றவில்லை. ஊரெல்லாம் என் குருமாவைப் புகழ்ந்தார்கள். அண்ணன் வீட்டுப் பருப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அதே ஜாரில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்து, நான்கு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரியும் அவருக்கு டூட்டி உண்டு. மகளுக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூடம் லீவு. மெதுவாக எழுந்து வந்து தோசை சாப்பிட்டாள். சட்னி நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். நானே ஊற்றினேன்.

துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தபோது ஹாலில் பாயில் குப்புறப் படுத்து, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டிருந்தாள். டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். போகிற போக்கில் தலையைத் தடவி, "சமத்து" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அப்புறம் அவளே எழுந்து வந்தாள். உதடு கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது. கழுத்தில் தடிப்பு. "அரிக்குதும்மா" என்றாள், காதோடுதான். என் வாயில் முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? காணாக்கடி. "தோட்டத்துப் பக்கம் போனியா? ஏதாவது கடிச்சிருக்கும்." டாக்டர் அவ்வளவு படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தும், என் வீட்டுச் சட்னிமேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்தேன். அவள் விழுங்கும்போது தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பாத்ரூமில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம். போய்ப் பார்த்தால் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். எடுக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்திருக்கிறாள். அப்போது கூட எனக்கு அது உறைக்கவில்லை.

தடிப்பு ஒன்று. வாந்தி இரண்டு. எனக்குக் கணக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும். ஊசி டப்பா அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊசி போடுகிறவர் கதவுக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நடுவில் நின்றேன்.

என்ன யோசித்தேன் என்று எனக்கு இன்றைக்கும் வரிசையாகச் சொல்லத் தெரியும். போன தடவை மாதிரி வேர்க்குருவாக இருந்தால்? எழுப்பிவிட்டால் அவருக்குத் திரும்பத் தூக்கம் வராது, ராத்திரி பெல்ட் பக்கம் நிற்க வேண்டும். மாத்திரை வேலை செய்ய நேரம் கொடுக்க வேண்டாமா? மறுபடியும் குழாயடியில் ஊசிக்காரம்மா என்பார்களே. இப்படி ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் நியாயமாகத்தான் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்று அவளிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்துக்கொண்டு, தடிப்பு குறைகிறதா என்று கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடிப்பு கொஞ்சம் குறையவும் செய்தது. பார்த்தாயா, மாத்திரை கேட்கிறது என்று என் மனசு குதித்தது. குறைந்தது தோலில் மட்டும்தான்.

"அம்மா" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை, கட்டிப்போய்க் கிழவி குரல் மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. உதடு வெளுத்திருந்தது.

அதற்கு அப்புறமும் நான் கதவைத் திறக்கவில்லை. இதைத்தான் என்னால் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. நானே போட்டுவிடலாம், அவரை எழுப்ப வேண்டாம் என்று டப்பாவை எடுத்தேன். குப்பியின் கழுத்தை ஒடித்தேன். அது கழுத்தோடு ஒடியாமல் மொத்தமாக நொறுங்கி, மருந்து என் உள்ளங்கை வழியாக வழிந்து தரையில் போயிற்று. இன்னும் ஒரே ஒரு குப்பிதான். அப்போதுதான் கதவைத் திறந்து, அவர் காலைப் பிடித்து உலுக்கினேன். சத்தம் போட்டுக் கூப்பிடக் கூட வரவில்லை.

அவர் எழுந்தார், வந்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மீதிக் குப்பியை ஒடித்து, கோடு வரைக்கும் மருந்தை இழுத்து, பாவாடையோடு சேர்த்துத் தொடையில் குத்தினார். நான் காலைப் பிடித்திருந்தேன். எதிர் வீட்டு அண்ணன் காரை எடுத்தார். பின் சீட்டில் என் வீட்டுக்காரர் மகளை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் போகப் போக அவள் மூச்சில் இருந்த கீச்சுச் சத்தம் மெதுவாகக் குறைந்தது. ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி போட்டார்கள், முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள்.

நடுவில், அவள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் அவர் கேட்டார். "எப்ப ஆரம்பிச்சுது?" லுங்கியோடு, செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இப்பத்தான். பாத்தவொடனே ஒங்கள எழுப்பிட்டன்" என்றேன். பொய். அவ்வளவு சுலபமாக வந்தது.

மாலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா, அவரும் பக்கத்தில் நிற்கும்போதே, எப்போது ஆரம்பித்தது என்று மகளிடமே கேட்டார்கள். அவளும் நல்ல பிள்ளையாக, கேட்டதற்குப் பதில் சொன்னாள். "அம்மா துணி காயப்போடப் போனப்பவே தொண்டை அரிச்சுச்சு. இருமல் இருமலா வந்துச்சு. அப்பா முழிச்சுக்குவாருன்னு தலகாணில வாய வச்சுக்கிட்டு இருமினேன். ரொம்ப நேரம். அப்புறம்தான் அம்மாகிட்ட போனேன். அம்மா மாத்திர குடுத்தாங்க. அப்புறம் வாந்தி எடுத்தேன். அப்புறம் கொஞ்சம் பாப்பம்னு சொன்னாங்க."

சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேனே, அது இருமல். மூச்சுக் குழாய் அடைத்துக்கொண்டு வருகிற பிள்ளை, அப்பா எழுந்துவிடக் கூடாதென்று தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் தலையைத் தடவிச் சமத்து என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "என்ன எழுப்பறதுக்கு அப்படி என்ன பயம்? நான் என்ன பேயா?" என்று மட்டும் கேட்டார். சட்னி விஷயத்தை அன்றைக்கே சொன்னேன். மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தை எடுத்துப் பார்த்தார், உள்ளே வெள்ளையாக அப்பியிருந்தது. மிக்ஸியும் துணிப்பையும் அன்றைக்கே வெளியே போயின. ஆனால் அவர் சட்னியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் தூக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் பல வருஷம், நைட் முடித்து வந்தால் கதவைச் சாத்தாமல்தான் படுப்பார். சின்னச் சத்தத்துக்கும் எழுந்து வந்து பிள்ளையை எட்டிப் பார்ப்பார். அந்த மனிதருக்கு இதில் தூசி அளவுக்குக் கூடப் பங்கு இல்லை. கதவைக் கோயில் கதவாக்கியது நான். அவர் என் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரம் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்டது, பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருந்தது, பொய் சொன்னது, எல்லாம் சொன்னேன். சாமியார் நல்லவர். "காத்திருந்தது பாவம் இல்லம்மா, பயம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பேரை மாற்றிவிட்டால் ஆயிற்றா? பரிகாரமாக அவர் சொல்லச் சொன்ன மூன்று மன்றாட்டையும் சொல்லிவிட்டு வந்தேன், மனசு அப்படியேதான் இருந்தது.

குப்பி ஒடிக்கப் பழகினேன். மருந்துக்கடையில் ஊசி மருந்து கலக்குகிற தண்ணீர் அதே மாதிரிக் குப்பியில் விற்கிறார்கள். அதை வாங்கி வாங்கி ஒடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒடிக்கிற அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் நான்தான் போட்டேன், யோசிக்காமல். ஒரு தடவை அது தேவையே இல்லாமல் கூட இருந்திருக்கலாம். யார் என்ன பேசினால் எனக்கென்ன? காலிங் பெல் ஒயரை மாட்டினேன். குக்கர் கத்தட்டும் என்று விட்டேன்.

நான் மாறினேன். அவள் மாறவில்லை. அது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. இரண்டு தடவையும் அவளாக வந்து சொல்லவில்லை, நான்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். "ஏன்டி சொல்லல?" என்றால், "பாத்துக்கலாம்னு இருந்தேம்மா" என்பாள். காய்ச்சலானாலும், வயிற்றுவலியானாலும் அதே பதில்தான். வயசுப்பெண், கூச்சம் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வருஷம் பிளஸ் டூ முடித்தாள். கோயமுத்தூர்ப் பக்கம் காலேஜ், ஹாஸ்டல், ஒரு ரூமில் நான்கு பேர். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் மூலமாக அந்தப் பேனா ஊசி வந்து சேர்ந்திருந்தது. எப்போது போட வேண்டும் என்று அவளைக் கேட்டேன். டாக்டர் சொன்னதை என்னைவிடச் சுத்தமாக ஒப்பித்தாள். தொடையில் எந்த இடம், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது.

"சரி, நடுராத்திரி. எல்லாரும் தூங்கறாங்க. ஒனக்குத் தொண்ட அரிக்குது, இருமல் வருது. என்ன பண்ணுவ?"

"ஊசி போட்டுக்குவேன்."

"போட்டுட்டு?"

"படுத்துக்கிட்டு இருப்பேன். காலைல வார்டன்கிட்ட சொல்லி ஆஸ்பத்திரி போவேன்."

"அது அடங்கிட்டுத் திரும்ப வரும்னு டாக்டர் சொல்லல? கூட இருக்கிறதுங்கள எழுப்ப மாட்டியா?"

"பாவம்மா. காலைல அதுங்களுக்கு கிளாஸ் இருக்கும். ரொம்ப முடியலன்னா எழுப்பறேன்."

ரொம்ப முடியாதபோது எழுப்ப முடியாதுடி என்று கத்தலாம் போல இருந்தது. கத்தவில்லை. அவளுக்கு இதை வாயால் சொன்னால் ஏறாது, வாயால் சொல்லி நான் இதை ஏற்றவும் இல்லை. அன்றைக்கு அவள் அப்பா நைட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல மத்தியானம். அவள் கையைப் பிடித்து அந்த அறை வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

"போயி அப்பாவ எழுப்பு" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மா எழுப்பு. பழகிக்க."

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஆனாலும் உள்ளே போனாள். வயது பதினேழு, என்னைவிட உயரம், நுனிக்காலில்தான் நடந்து போனாள். கட்டில் பக்கத்தில் நின்றாள். அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். "அப்பா" என்றாள். எனக்கே கேட்கவில்லை. அவர் காலைத் தொடப் போன கையை, தொடாமலே எடுத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்றபடி, "சத்தமா கூப்புடுடி" என்று குரலை உயர்த்தினேன்.

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, விரலை உதட்டில் வைத்தாள்.

"உஷ்" என்றாள். "மெதுவா பேசும்மா. எழுந்துக்கப் போறாரு."